பாண்டி என்றால் பாட்டிலா?

"இந்த வாரக் கடைசியில் பாண்டிக்குப் போறோம்" என்று சென்னையில் ஏதாவது ஒரு அலுவலகத்தில் யாராவது சொல்லட்டும். கேட்பவர் முகத்தில் ஒரு சிரிப்பு வரும். எதற்கு என்று கேட்க மாட்டார். திருப்பதிக்குப் போகிறோம் என்றால் லட்டு, திருநெல்வேலிக்கு என்றால் அல்வா, பாண்டிக்கு என்றால்... அது சொல்லித்தான் தெரிய வேண்டுமா? அந்தச் சிரிப்பைப் பற்றியதுதான் இந்தக் கட்டுரை.

இந்தச் சிரிப்பு புதுச்சேரிக்காரர்களை விடுவதில்லை. லாஸ்பேட்டைப் பையன் ஒருவன் சென்னையிலோ கோவையிலோ கல்லூரியில் சேருகிறான் என்று வையுங்கள். விடுதியில் முதல் நாள் "எந்த ஊர்?" என்பார்கள். "பாண்டி" என்பான். அடுத்த கேள்வி பாரதியைப் பற்றி இருக்காது, பாரதிதாசனைப் பற்றி இருக்காது. "அப்போ ஊருக்குப் போய்ட்டு வரும்போது ரெண்டு வாங்கிட்டு வாடா!" அவ்வளவுதான். பையன் ஒரு சொட்டுகூடக் குடிக்காதவனாக இருக்கலாம். அதைப் பற்றி யாருக்குக் கவலை? நட்புக்காக அவன் உண்மையிலேயே பையில் இரண்டு பாட்டிலை வைத்துக்கொண்டு பஸ் ஏறினால், எல்லைச் சோதனைச் சாவடியில் மாட்டிக்கொண்டால், வழக்கு அவன் பேரில். கேட்ட நண்பன் பேரில் இல்லை.

அந்த வழக்கு எந்தச் சட்டத்தில் போடப்படும் தெரியுமா? தமிழ்நாடு மதுவிலக்குச் சட்டம், 1937. ஆமாம், மதுவிலக்கு! ராஜாஜி சேலத்தில் தொடங்கிவைத்த காலத்துச் சட்டம் இன்றும் அந்தப் பெயரிலேயே இருக்கிறது. 2003 நவம்பரிலிருந்து சில்லறை மது விற்பனை முழுவதையும் டாஸ்மாக் மூலம் தானே நடத்தி, 2023-24ல் மட்டும் 45,000 கோடி ரூபாய்க்கு மேல் வருவாய் பார்த்த அரசு, பக்கத்து ஊர் பாட்டிலைப் பிடிக்க ஒரு மதுவிலக்குப் பிரிவு வைத்திருக்கிறது. குடிக்கக் கூடாது என்பது அதன் கவலை இல்லை. நம்ம கடையில் குடி என்பதுதான். இதில் ஒழுக்கம் எங்கே வந்தது? பக்கத்துக் கடைக்காரனோடு இருக்கிற வியாபாரப் போட்டி, அவ்வளவே.

சரி, வருகிறவர்கள் எதைப் பார்க்க வருகிறார்கள்? "பிரெஞ்சுக்காரன் ஊரு, ஒயினுக்குப் பேர் போனது" என்று கொஞ்சம் நாகரிகமாகச் சொல்பவர்களும் உண்டு. இந்த நாகரிகத்தைத்தான் முதலில் உடைக்க வேண்டும். உலகத்தில் ஒயினுக்குப் பேர் போன சிறு நகரங்கள் நிறைய இருக்கின்றன. இந்தியாவிலேயே நாசிக் இருக்கிறது. அங்கே சூலா நிறுவனத்தின் முதல் ஒயின் 2000ஆம் ஆண்டில் வந்தது. போகிறவர்கள் தோட்டத்தைப் பார்க்கிறார்கள், திராட்சை நசுக்குவதைப் பார்க்கிறார்கள், பீப்பாய் அடுக்கியிருக்கும் அறைக்குள் நுழைகிறார்கள். பிடிக்கிறதோ இல்லையோ, அந்த மண்ணில் விளைந்த ஒரு பொருள், அந்த ஊர் ஆட்கள் கற்றுக்கொண்ட ஒரு தொழில். நம் பக்கத்தில் கம்பம் பள்ளத்தாக்கில் பன்னீர் திராட்சை விளைகிறது, 2023ல் புவிசார் குறியீடும் வாங்கிவிட்டது. அங்கே போய் ஒயின் பற்றிப் பேசினால்கூட அர்த்தமுண்டு.

புதுச்சேரியில் திராட்சைத் தோட்டம் எங்கே? பாகூர்ப் பக்கம் போனால் நெல்லும் கரும்பும்தான். இருக்கிற பெரிய அரசுத் தொழிற்சாலை வில்லியனூருக்குப் பக்கத்தில் ஆரியப்பாளையம் சாராய வடிசாலை. அங்கே எந்தச் சுற்றுலாப் பயணியும் போவதில்லை. 'ஒயின்ஸ்' என்று போர்டு வைத்த கடைக்குள் போய் ஒயின் கேட்டால் கடைக்காரரே ஒரு மாதிரி பார்ப்பார். பிராந்தி, ரம், விஸ்கி, பீர். அதிலும் பல தமிழ்நாட்டிலும் கிடைக்கிற அதே கம்பெனிச் சரக்கு. சொல்தா வீடுகளில் (பிரெஞ்சுப் படையில் இருந்து பென்ஷன் வாங்குகிறவர்கள்) விருந்து நாளில் ஒயின் பாட்டில் திறக்கிற வழக்கம் உண்டுதான். அது அந்த வீட்டுச் சாப்பாட்டு மேஜை சமாச்சாரம். கடற்கரைச் சாலையில் சட்டையைக் கழற்றிக்கொண்டு கத்துகிறவர்களுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

அப்படியென்றால் இந்த ஊரில் சிறப்பாக என்னதான் கிடைக்கிறது? விலை வித்தியாசம். அது ஒன்றுதான்.

இது வெறும் கோபத்தில் சொல்வதில்லை, சோதித்துப் பார்த்த விஷயம். 2020ல் கொரோனா ஊரடங்குக்குப் பிறகு மே மாதக் கடைசியில் புதுச்சேரியில் மதுக்கடைகளைத் திறந்தபோது சிறப்புக் கலால் வரி ஒன்று போட்டார்கள். 'கொரோனா வரி' என்று ஊரில் பேர். தமிழ்நாட்டிலும் இங்கும் விற்கிற பிராண்டுகளுக்கு இரண்டு இடத்திலும் ஒரே விலை வருகிற மாதிரி ஏற்பாடு. அக்கம்பக்கத்து மாவட்டங்களிலிருந்து கூட்டம் வந்து நோய் பரவக் கூடாது என்பது காரணம். கூட்டம் குறைந்தது, வியாபாரம் படுத்தது. கடைக்காரர்கள் வரியை எடுக்கச் சொல்லி நடையாய் நடந்தார்கள். 2021 ஏப்ரலில் எடுத்தார்கள். பழைய சிரிப்பும் பழைய கூட்டமும் திரும்பிவிட்டன. நோய்ப் பயமும் அப்போது இருந்தது உண்மைதான், எல்லாவற்றையும் வரியின் கணக்கில் எழுத முடியாது. ஆனால் விலை ஒன்றானால் ஆள் வர மாட்டான் என்ற பயத்தை ஊர் வியாபாரிகளே வாய்விட்டுச் சொன்னார்களே! பிரெஞ்சு அழகு, கடல் காற்று, மஞ்சள் சுவர், காகிதப் பூ... எல்லாம் அதே இடத்தில்தான் இருந்தன.

இப்படி ஒரு ஊர் எப்படி ஆனது என்பதற்கு வரலாறு உண்டு. 1948ல் சென்னை மாகாணம் முழுக்க மதுவிலக்கு வந்தது. அப்போது புதுச்சேரி பிரெஞ்சுக்காரர் கையில். அந்தச் சட்டம் இங்கே எட்டவில்லை. 1954 நவம்பர் 1ல் ஆட்சி கை மாறிய பிறகும், 1962ல் சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்த பிறகும் கடைகள் திறந்தே இருந்தன. அந்தப் பக்கம் 1971ல் மதுவிலக்கைத் தளர்த்தி, 1974ல் திரும்பப் போட்டு, 1981ல் மறுபடி தளர்த்தி, சாராயத்தைத் தடுத்து, விட்டு, 1991ல் மீண்டும் தடுத்து என்று சட்டம் ஊஞ்சலாடிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு ஆட்டத்திலும் புதுச்சேரி எல்லைக் கடைகளுக்கு லாபம். எல்லையும் ஒழுங்கான கோடு இல்லை. கிழக்குக் கடற்கரைச் சாலையில் வந்தால் காலாப்பட்டு புதுச்சேரி, அப்புறம் கோட்டக்குப்பம் தமிழ்நாடு, அதைத் தாண்டினால் திரும்பவும் புதுச்சேரி. இப்படிப்பட்ட வரைபடத்தில் எந்த வியாபாரம் நன்றாக நடக்கும் என்று சொல்ல ஜோசியம் தேவையில்லை.

இதெல்லாம் சரி, ஊருக்குப் பணம் வருகிறதே, நாலு பேர் பிழைக்கிறார்களே என்பார்கள். இதுதான் அவர்களுடைய பெரிய வாதம். வருகிறதுதான். புதுச்சேரி அரசின் சொந்த வரி வருவாயைத் தாங்குகிற பெரிய தூண்களில் கலால் ஒன்று. ஓட்டல், ஆட்டோ, வாடகை ஸ்கூட்டர் என்று பலர் வயிறு அதில் நிறைகிறது. அந்த ஆட்டோக்காரரைப் பார்த்து நீ செய்வது பாவம் என்று சொல்ல யாருக்கும் யோக்கியதை கிடையாது. ஆனால் இந்த ஊர் வேறு எதிலும் பிழைத்ததே இல்லை என்பது போல ஒரு பேச்சு இருக்கிறதே, அது பொய்.

இது மில் ஊர். நெய்து பிழைத்த ஊர். சங்கு ஊதுகிற நேரத்தை வைத்துச் சோறு வடித்த ஊர். 1936 ஜூலை 30 அன்று சவானா மில்லில் வேலைநிறுத்தம் செய்த தொழிலாளிகள் மீது பிரெஞ்சுப் போலீஸ் சுட்டது. 12 பேர் செத்தார்கள். வ. சுப்பையா தலைமையில் நடந்த அந்தப் போராட்டத்தின் பலனாக 1937ல் எட்டு மணி நேர வேலை சட்டமானது. ஆசியாவிலேயே முதன்முறை என்று இங்கே பெரியவர்கள் பெருமையாகச் சொல்வார்கள். ஒவ்வொரு ஜூலை 30க்கும் தியாகிகளுக்கு மாலை விழுகிறது. வாரக்கடைசியில் வருகிற நண்பர்களுக்கு இந்தக் கதை தெரிய வாய்ப்பில்லை, யார் சொன்னார்கள் அவர்களுக்கு?

ஏ.எஃப்.டி. என்று கூப்பிடுகிற ஆங்கிலோ பிரெஞ்சு மில் 1898லிருந்து ஓடியது. ஆயிரக்கணக்கான குடும்பம் அதை நம்பி இருந்தது. ஏற்கெனவே நொண்டிக்கொண்டிருந்த மில்லை 2011 டிசம்பர் 30ல் வந்த தானே புயல் சாய்த்துப் போட்டது. அப்புறம் எழவில்லை. 2020 ஏப்ரல் கடைசியோடு ஒரேயடியாக மூடிவிட்டார்கள். அதே ஆண்டு சுதேசி, பாரதி மில்களுக்கும் பூட்டு. இப்போது மேலே சொன்ன தேதியை ஒரு தடவை பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஏப்ரல் கடைசியில் மில்லுக்குப் பூட்டு. மே கடைசியில் மதுக்கடைக்குத் திறப்பு. நடுவில் ஒரு மாதம்கூட முழுசாக இல்லை. மில்லைத் திறக்க எத்தனை வருஷம் எத்தனை கமிட்டி, எத்தனை தர்ணா! கடையைத் திறப்பதில் வரி எவ்வளவு என்பது மட்டும்தான் தகராறு.

மில்லை மூடியது நஷ்டத்தால், மதுவால் இல்லையே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. நூல் விலை, பழைய எந்திரம், நிர்வாகக் கோளாறு, அரசியல் நியமனம் என்று மில் செத்ததற்கு நூறு காரணம். ஆனால் கலால் வருமானம் கைக்குச் சுலபமாக வருகிற ஒரு அரசுக்கு, மில் ஓடினால் என்ன ஓடாவிட்டால் என்ன என்ற மெத்தனம் வந்துவிடுகிறது. கஷ்டப்பட்டு உழுகிற நிலத்தைப் பார்க்க அதற்கு நேரம் இருக்காது. அந்த மெத்தனத்தின் விலையை யார் கொடுப்பது?

லாஸ்பேட்டையில் போய்ப் பாருங்கள், தெரியும். இது புறநகர். 1761ல் ஆங்கிலேயர் தரைமட்டமாக்கிய ஊரை 1765ல் திரும்ப வாங்கிக் கட்டத் தொடங்கிய கவர்னர் ழான் லா தெ லொரிஸ்தோன் பெயரோடு சேர்த்து இந்தப் பேட்டையின் பெயரைச் சொல்வார்கள். வெள்ளைக்காரர் தெரு அழகு எதுவும் இங்கே கிடையாது. தாகூர் கலைக் கல்லூரி இருக்கிறது, பாலிடெக்னிக்குகள் இருக்கின்றன, விமான நிலையம் இருக்கிறது, காலையில் பெரியவர்கள் நடக்கவும் பையன்கள் ஓடிப் பழகவும் ஹெலிபேட் மைதானம் இருக்கிறது. பக்கத்திலேயே கருவடிக்குப்பம். 1908லிருந்து பத்து ஆண்டு இந்த ஊரில் இருந்த பாரதி வந்து போன குயில் தோப்பு அங்கேதான். சென்னையிலிருந்து 150 கிலோமீட்டர் ஓட்டிக்கொண்டு வருகிற கார்கள் எல்லாம் சிவாஜி சிலை, கொக்கு பார்க், ராஜீவ் காந்தி சிலை என்று இந்த ஓரத்தைத் தொட்டுத்தான் நகரத்துக்குள் போகின்றன. குயில் தோப்புக்கு வண்டியைத் திருப்பியவர் எத்தனை பேர்?

அந்தக் கல்லூரிகளிலிருந்து வருஷா வருஷம் பிள்ளைகள் பட்டமும் டிப்ளமோவும் வாங்கி வெளியே வருகிறார்கள். வந்து? அப்பா வேலை பார்த்த மில் இல்லை. மூட்டையைக் கட்டிக்கொண்டு ஒரகடத்துக்கும் சென்னைக்கும் பெங்களூருக்கும் போகிறார்கள். இங்கே படித்தவன் வேலைக்கு அங்கே போகிறான், அங்கே வேலை பார்க்கிறவன் குடிக்க இங்கே வருகிறான். சனிக்கிழமை சாயங்காலம் கிழக்குக் கடற்கரைச் சாலையில் இரண்டு பேரும் எதிரெதிரே கடந்துபோவார்கள்.

உள்ளூரிலேயே தங்குகிறவனுக்கு 'ரெஸ்டோ பார்' காத்திருக்கிறது. குடியிருப்புத் தெருக்களிலும் இதற்கு அனுமதி கொடுத்து, நடுராத்திரி வரை சத்தம், வாசலில் வாந்தி, தெருச்சண்டை என்று ஜனங்கள் போராடுகிற நிலைமை. சுற்றுலா வளர்ச்சி என்பார்கள். ஒரு பெண் ராத்திரி ஒன்பது மணிக்கு டியூஷன் முடிந்து சைக்கிளில் வீட்டுக்கு வருகிற தெரு அது என்பதை அனுமதி கொடுத்தவர் நினைத்துப் பார்த்தாரா? சுற்றுலாப் பயணிக்கு இரண்டு நாள் கூத்து. திங்கட்கிழமை அவர் போய்விடுவார். தெரு இங்கேயேதான் இருக்கும்.

மதுவிலக்கு கொண்டுவந்தால் தீர்ந்ததா என்று கேட்டால், இல்லை. மதுவிலக்கின் லட்சணத்தைத் தமிழ்நாடு பார்த்தாயிற்று. 2023 மே மாதம் மரக்காணம் பக்கத்திலும் செங்கல்பட்டிலும், 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்திலும் மெத்தனால் கலந்ததைக் குடித்துச் செத்தவர்கள் எல்லாம் டாஸ்மாக் குவார்ட்டர் விலை கட்டுப்படியாகாத கூலிக்காரர்கள். கள்ளக்குறிச்சியில் மட்டும் 60 பேருக்கு மேல். வடிசாலையில் வடித்துச் சோதித்து விற்கிற புதுச்சேரிச் சாராயமும், இங்கே சட்டப்படியே இறக்கி விற்கிற கள்ளும் ஏழைக்கு அந்த விஷத்தைவிட ஆயிரம் மடங்கு மேல் என்று ஊர்க்காரர்கள் சொன்னால் அதை மறுக்க முடியாது. உழைத்துக் களைத்தவன் ஒரு கிளாஸ் குடிப்பதைப் பற்றி இங்கே சண்டையில்லை. ஒரு மாநிலமே தன்னை மதுக்கடையாக விளம்பரப்படுத்திக்கொண்டு உட்கார்ந்திருப்பதைப் பற்றித்தான் சண்டை.

செய்ய வேண்டியதில் முதலாவது, யாரும் செய்யத் துணியாதது: 2020ல் செய்த மாதிரி தமிழ்நாட்டு விலைக்கு நெருக்கமாக வரியைக் கொண்டுபோவது. ஒரேயடியாக வேண்டாம், மூன்று நான்கு வருஷத்தில் படிப்படியாக. ஏழை குடிக்கிற சாராயத்தையும் கள்ளையும் விட்டுவிட்டு, பயணிகள் வாங்குகிற சரக்கின் மேல் மட்டும். விலைக்காக வருகிறவர் நின்றுவிடுவார், ஊருக்காக வருகிறவர் வருவார். கூடுதலாக வருகிற ஒவ்வொரு ரூபாயும் எங்கே போனது என்று தனிக் கணக்கு காட்டி, அந்த மில் நிலங்களில் வேலை தருகிற ஏதாவது ஒன்றை நிறுத்த வேண்டும். அந்த இடத்தில் இன்னொரு ஓட்டல் வந்துவிடக் கூடாது. கலால் குறைந்துபோனால் சம்பளம் எப்படிக் கொடுப்பது என்று நிதித்துறை பயப்படும். அந்தப் பயத்திலேயே எழுபது வருஷம் ஓட்டியாயிற்று.

இரண்டாவது, வருகிறவர்களுக்கு. ஒயின் பார்க்கத்தான் வந்தேன் என்று நிஜமாகவே யாராவது சொன்னால் அவருக்கும் புதுச்சேரியில் ஒரு இடம் இருக்கிறது. கடலூர் சாலையில் அரியாங்குப்பம் போய், அங்கிருந்து ஆற்றங்கரைக்குத் திரும்ப வேண்டும். அரிக்கமேடு. 1945ல் மார்ட்டிமர் வீலர் தோண்டினார், அவருக்குப் பிறகு காசால் தோண்டினார், 1989லிருந்து 1992 வரை விமலா பெக்லி குழு தோண்டியது. கூர் அடியும் இரண்டு கைப்பிடியும் உள்ள ஆம்போரா ஜாடித் துண்டுகள் கிடைத்தன. மத்தியதரைக் கடல் பக்கத்திலிருந்து இரண்டாயிரம் வருஷத்துக்கு முன்னால் ஒயின் நிரப்பி மரக்கலத்தில் வந்த ஜாடிகள். யவனர் கொண்டுவந்த மதுவைப் பற்றிப் புறநானூற்றின் 56ஆம் பாட்டில் நக்கீரர் பேசுகிறாரே, அந்த வியாபாரத்தின் மண் சாட்சி. பதிலுக்கு இங்கிருந்து போனவற்றில் மணி உண்டு, துணி உண்டு. அன்றைக்கு ஒயின் கப்பல் வந்தபோது கொடுப்பதற்கு ஊர் கையில் ஒரு தொழில் இருந்தது.

இப்போது அங்கே இருப்பது தென்னந்தோப்பு, மாமரம், பழைய கட்டடத்தின் இரண்டு இடிந்த சுவர், ஒரு தொல்லியல் துறைப் பலகை. ஜாடித் துண்டுகளைப் பார்க்க நகரத்தில் பாரதி பூங்கா பக்கத்து அருங்காட்சியகத்துக்குப் போக வேண்டும். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் போனால் நெரிசல் பயம் வேண்டாம். கூட்டமெல்லாம் வேறு வரிசையில் நிற்கும்.